துணிக்கூரைக் கார்

ஜூன் 3

அன்புள்ள உங்களுக்கு,

போன கடிதம் கைக்கு வந்ததா தெரியவில்லை. ஏஜென்ட் படகு வந்தால்தான் கப்பலுக்குத் தபால் என்று எழுதியிருந்தீர்கள். உங்களோடு போனில் பேச வழியில்லை என்பதில் ஒரு நிம்மதியும் இருக்கிறது. இங்கே போன் ஹாலில் இருக்கிறது. யாராவது அதை எடுத்தால் அக்கா டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவார், நன்றாகக் கேட்பதற்கு.

அக்காவும் அத்தானும் பாப்பாவுக்குக் கல்யாணம் முடிவு செய்துவிட்டார்கள். செப்டம்பரில். இருபத்தைந்து வயதுப் பெண்ணை இன்னும் பாப்பா என்று கூப்பிடுகிற வீடு உங்கள் அண்ணன் வீடாகத்தான் இருக்கும். மாப்பிள்ளை மலை மேல் ஒரு ஹோட்டலில் மேனேஜர். நல்ல மாதிரி. பழைய கார் என்றால் அவருக்கு உயிராம். அதைக் கேட்டதும் அத்தானுக்குக் குஷி தாங்கவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள், அக்கம்பக்கத்தார் எல்லோருக்கும் முன்னால், "எங்க அப்பாவோட கார்லதான் என் பொண்ணு மலையேறிப் போவா" என்று சொல்லிவிட்டார். ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்ததே, அந்தத் துணிக்கூரைக் கார்தான். டிங்கர் கடையில் கொடுத்து, சிவப்புப் பெயின்ட் அடித்து, புதுக் கம்பளம் போட்டு நிறுத்தியிருக்கிறார். நீங்கள் பார்த்தால் அடையாளம் தெரியாது.

கார் இன்னும் உங்கள் அப்பா பெயரில்தான் இருக்கிறதாம், வாரிசு நீங்களும் அத்தானும். மாப்பிள்ளை பெயருக்கு மாற்ற உங்கள் கையெழுத்து வேண்டும். பேப்பரை இத்துடன் வைத்திருக்கிறேன்.

நேற்று என்னையும் பாப்பாவையும் ஏற்றிக்கொண்டு தெருமுனை வரை போய் வந்தார். வேகத்தடையில் ஏறி இறங்கியபோது முன்கண்ணாடி முழுக்க நடுங்கியது. என் பக்கத்துக் கதவு மூடவில்லை. அத்தான் வந்து லேசாகத் தூக்கி அறைந்து மூடினார். "புதுப் பெயின்ட்டும்மா, ஒட்டுது. போகப் போகச் சரியாயிடும்" என்றார். காலடியில் ஈரச் சாக்கு வாசனை. அதை அமுக்க சென்ட் பாட்டில் ஒன்றைக் கவிழ்த்திருக்கிறார்கள்.

நீங்கள் இரும்போடு குடித்தனம் நடத்துகிறவர். இதெல்லாம் பெயின்ட்டால் வருகிற கோளாறா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

உங்கள் சமையல்காரர் சொன்ன முட்டை ஜோக்கைப் பாப்பாவிடம் சொன்னேன். அவளுக்குப் புரை ஏறிவிட்டது. வேறு ஏதாவது இருந்தால் எழுதுங்கள். இந்த மாடி அறையில் எனக்குச் சிரிப்பு வருவது உங்கள் கடிதம் வந்தால்தான்.

உங்கள்
வீட்டுக்காரி


ஜூன் 19

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். அண்ணன் கேட்டு நான் முடியாது என்றதில்லை. ஆனால் நீ எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மனது சரியில்லை. அதனால் பேப்பரை அவருக்கு அனுப்பாமல் உன் பெயருக்கே அனுப்புகிறேன். நான் சொல்கிறதைப் பார்த்துவிட்டு அப்புறம் கொடு.

ஒரு அட்டைப்பெட்டியை மூடியோடு சேர்த்து ஒட்டித் தூக்கிப் பார். அடுத்து மூடியை வெட்டிவிட்டுத் தூக்கிப் பார். இரண்டாவது பெட்டி கையில் துவளும். சாதாரணக் காருக்குக் கூரை அந்த மூடி மாதிரி. துணிக்கூரைக் காருக்கு அது கிடையாது. ஏறும்போது நாம் தாண்டிக் கால் வைக்கிறோமே, கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் இரும்புப் பெட்டி, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று. காரின் முன்பாதியையும் பின்பாதியையும் பிடித்துக்கொண்டிருப்பது முக்கியமாக அவைதான். துணியில் ஒழுகுகிற மழைத் தண்ணீர் போய்த் தங்குவதும் அதற்குள்தான். துரு உள்ளேயிருந்து தின்றுகொண்டு வரும். வெளியே பளபளவென்று இருக்கும்.

முன்கண்ணாடி நடுங்குகிறது, கதவு தூக்கினால்தான் மூடுகிறது என்றால் நடுவில் வண்டி தொய்கிறதோ என்று சந்தேகம். ஷெட்டில் யாரும் இல்லாத நேரம் போ. கதவுக்கும் பாடிக்கும் இடையில் உள்ள இடுக்கைப் பார். மேலே குறுகலாகவும் கீழே அகலமாகவும் இருந்தால் நல்லதில்லை. கரண்டிக் காம்பால் அந்தப் பெட்டியைத் தட்டிக்கொண்டே போ. நல்ல தகடு கணீரென்று பேசும். செத்த தகடு இருமும். காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி வைத்துப் பார். பட்டி பூசி மறைத்த இடத்தில் ஒட்டாமல் விழும். கம்பளத்தைத் தூக்க முடிந்தால் தூக்கு. அடியில் புதிதாகத் தார் பூசியிருந்தால் அதையும் எழுது. தார் பூசுகிறவர்கள் காப்பாற்றவும் பூசுவார்கள், மறைக்கவும் பூசுவார்கள்.

இங்கே எனக்கு நாள் முழுக்க இதே வேலை. சுத்தியலை எடுத்துக்கொண்டு தட்டிக்கொண்டே போவது. கரை நன்றாகத் தெரிகிறது. சாயங்காலம் பஸ் லைட் போட்டுக்கொண்டு போவதுகூடத் தெரிகிறது. கப்பல் முதலாளி மேல் உள்ள கேஸ் முடியும்வரை கால் வைக்கத்தான் அனுமதியில்லை.

ஜோக் எதுவும் கைவசம் இல்லை. அடுத்த முறை.

உன்
வீட்டுக்காரன்


ஜூலை 2

அன்புள்ள உங்களுக்கு,

அக்காவும் அத்தானும் பத்திரிகை வைக்கப் போன நேரத்தில் ஷெட்டுக்குப் போனேன். குழம்புக் கரண்டி, ஃபிரிஜ் கதவில் ஒட்டியிருந்த பூனைப் பொம்மைக் காந்தம், அதைச் சுற்ற என் கைக்குட்டை. இதுதான் உங்கள் பொஞ்சாதியின் ஆயுதம்.

இடுக்கு நீங்கள் சொன்ன மாதிரியேதான். மேலே என் நகம் நுழையவில்லை, கீழே விரலே நுழைந்தது. கரண்டியால் தட்டினேன். முன் சக்கரத்துப் பக்கம் சத்தம் வந்தது. கதவுக்கு நடுவே வந்ததும், நெஞ்சுச் சளிக்காரர் முதுகில் தட்டின மாதிரி ஆகிவிட்டது. பூனை ஒரு இடத்தில் ஒட்டியது, அடுத்த இடத்தில் வழுக்கி விழுந்தது. விழுந்து காது உடைந்துவிட்டது. அதற்கு அக்காவிடம் தனியாகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அடியில் பார்க்கப் படுத்தேன். கருகருவென்று புதுத் தார். ஒரு ஓரத்தில் அது உரிந்திருந்தது. அங்கே என் கொண்டை ஊசியால் குத்தினேன். அழுத்தவேகூட இல்லை. உள்ளே போய்விட்டது. இரும்பில் ஊசி போகும் என்று எனக்கு யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். ஊசியை வெளியே இழுத்ததும் பழுப்புத் தண்ணீர் கசிந்து என் கையில் வழிந்தது.

அந்த நேரம் பார்த்து அக்கா திரும்பி வந்துவிட்டார். என் கால் இரண்டும் காருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, அடிபட்டுக் கிடக்கிறேன் என்று பதறிவிட்டார். தோடு விழுந்துவிட்டது, தேடினேன் என்றேன். "ரெண்டு தோடும் காதுலதானே இருக்கு?" என்றார்.

ராத்திரிச் சாப்பாட்டில் அத்தானிடம் மெதுவாகப் பேச்சை எடுத்தேன். "காரை இன்னொரு ஆள்கிட்ட காட்டிடலாமா அத்தான்? மலைப்பாதையாச்சே" என்றேன். "டிங்கர் எல்லாம் பார்த்தாச்சும்மா. நீ சாப்பிடு" என்றார். குரலில் கோபமே இல்லை. எனக்கு அதுதான் உறுத்துகிறது.

பேப்பர் வந்ததா என்று தினமும் கேட்கிறார். வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். துணி அலமாரியில், புடவை மடிப்புக்குள் வைத்திருக்கிறேன். தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டாலே அவர் வாசலுக்கு எழுந்து போகிறார், நான் மாடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். என்ன செய்யட்டும், சொல்லுங்கள்.

உங்கள்
வீட்டுக்காரி


ஜூலை 16

வீட்டுக்காரிக்கு,

ஊசி போனது என்றால் பெட்டி போய்விட்டது. மேலே பெயின்ட் அடித்த பட்டி மட்டும்தான் இருக்கிறது.

கடைசியாக ஒன்று இருக்கிறது. முன்பக்கம் ஒரு மூலையை மட்டும் ஜாக்கி வைத்துத் தூக்கி, கதவைத் திறந்து மூடிப் பார்க்க வேண்டும். நல்ல வண்டி என்றால் மூடும். உள்ளுக்குள் செத்திருந்தால் பாடி முறுக்கிக்கொள்ளும், கதவு சிக்கும். நீ தனியாகச் செய்யாதே. ஜாக்கி நழுவினால் ஆபத்து.

அண்ணனிடம் இன்னொரு முறை பக்குவமாகச் சொல். கேட்டால் கேட்கட்டும். கேட்காவிட்டால் பேப்பரைக் கொடுத்துவிடு. நான் நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறேன். அந்த வீட்டில் நீ இருந்தாக வேண்டும். எனக்கு எப்போது இறங்க விடுவார்கள் என்று தெரியாது. அவர் முகம் மாறினால் நீ எங்கே போவாய்? உன் அம்மா வீடு என்று ஒன்று இருந்தால் வேறு பேச்சு. மாப்பிள்ளைக்குக் கார் தெரியும் என்கிறாய். அவர் பார்த்துக்கொள்வார்.

இந்த ஒரு முறை என் பேச்சைக் கேள்.

உன் வீட்டுக்காரன்


ஜூலை 29

உங்களுக்கு,

கேட்கவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று முழுக்கக் கோபமாக இருந்தேன். மறுநாள் பேப்பரைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன், கொடுத்துவிடலாம் என்றுதான். ஷெட்டில் அத்தான் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாப்பா அவருக்கு டீ கொண்டு வந்து, அந்தச் சிவப்புக் கதவில் சாய்ந்து நின்றாள். என் வாயில் வேறு வார்த்தை வந்துவிட்டது.

"பேப்பர் என்கிட்டதான் அத்தான் இருக்கு. வந்து ரொம்ப நாளாச்சு. ஒரு மூலையை ஜாக்கியில தூக்கி, இந்தக் கதவைத் திறந்து மூடிக் காட்டுங்க. மூடிட்டா இங்கயே தந்துடறேன்."

அவர் துணியைக் கீழே போட்டார். "யாரு சொல்லிக் கொடுத்தது இதெல்லாம்? கடல்ல உக்காந்துகிட்டு அவனா?"

"நான்தான் கேக்கறேன்."

"என் வீட்டுல இருந்துகிட்டு, என்கிட்டயே மறைச்சு வச்சிருக்க."

பேப்பரை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டேன். பாப்பாதான் சிரித்துக்கொண்டே, "தூக்கிக் காட்டிடுங்கப்பா. சித்தி வாயடைச்சுப் போயிடுவாங்க" என்றாள். அவளுக்கு அது விளையாட்டு.

மகள் முன்னால் அவரால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. ஜாக்கியை வைத்துத் திருப்ப ஆரம்பித்தார். கொஞ்சம் ஏறியதும் காருக்குள்ளிருந்து சருகு மிதிபடுகிற மாதிரி சத்தம் வந்தது. சிமென்ட் தரையில் செந்தூள் கொட்டியது. பாப்பா கதவைத் திறந்தாள். திறந்தது. மூடப் போனாள். மேல் மூலையில் போய் இடித்தது. இடுப்பால் தள்ளிப் பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறியது.

"போதும். இறக்கிடறேன்" என்றார் அத்தான். இறக்கிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துகொண்டார். "எனக்குத் தெரியும்."

டிங்கர் முதலிலேயே சொல்லிவிட்டாராம். மொத்தப் பெட்டியையும் வெட்டி எடுத்து, புதிதாகச் செய்து வைக்க வேண்டும், கல்யாணத்துக்குள் முடியாது என்று. அதனால் செத்த தகட்டின் மேலேயே மெல்லிசாக இன்னொரு தகட்டை அங்கங்கே ஒட்டவைத்து, பட்டி பூசி, தார் அடிக்கச் சொல்லியிருக்கிறார் இவர்.

"மெதுவா ஓட்டினா ஒண்ணும் ஆகாதுன்னான்" என்றார்.

"மலைப்பாதையிலயாப்பா?"

"அத்தனை பேர் முன்னாடி சொல்லிட்டேனே. எந்த முகத்தை வச்சுகிட்டு இல்லைன்னு சொல்றது?"

பாப்பா நேராக ஹாலுக்குப் போய் மாப்பிள்ளைக்குப் போன் போட்டாள். அக்கா வழக்கம்போல் டிவி சத்தத்தைக் குறைத்தார். பாப்பா அழவில்லை. நடந்ததைச் சொன்னாள். பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே நின்றாள். "தெரியுமா?" என்றாள். "அப்ப நாம அதுலதானே மலையேறுறதா இருந்தோம்?" என்றாள். அவர் என்ன சொன்னாரோ, போனை வைத்துவிட்டாள்.

சாயங்காலம் தலையணையோடு என் அறைக்கு வந்துவிட்டாள். அப்போதுதான் சொன்னாள். பெயின்ட் அடித்த காரைப் பார்க்க வந்த அன்றே மாப்பிள்ளை கதவு இடுக்கைப் பார்த்துப் புரிந்துகொண்டாராம். மாமனார் மனம் நோகும் என்று சொல்லவில்லையாம். ஊருக்குக் கொண்டு போய் ஓரமாக நிறுத்திவிடலாம் என்று இருந்தாராம். "அதுவரைக்கும்?" என்று இவள் கேட்டதற்கு, "ஒரு தடவைதானே" என்றாராம்.

"அப்பாவுக்குத் தெரியும். அவருக்குத் தெரியும். டிங்கருக்குத் தெரியும். உங்களுக்கும் சித்தப்பாவுக்கும் தெரியும். ஏறி உக்காரப் போறவ நான். எனக்கு மட்டும் யாரும் சொல்லலை" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவளிடம் நேராகப் போய்ச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, பாருங்கள்.

கல்யாணம் நடக்குமா நிற்குமா என்று தெரியவில்லை. அக்கா என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். சாப்பாட்டுத் தட்டைப் படியில் வைத்துவிட்டுப் போகிறார். கீழே போனால் எல்லோரும் எழுந்து வேறு அறைக்குப் போகிறார்கள். அதனால் போவதில்லை.

பேப்பரைக் கிழிக்கவில்லை. அதில் உங்கள் கையெழுத்து இருக்கிறது.

ஒன்று கேட்கிறேன். மழுப்பாமல் பதில் எழுதுங்கள். முன்பெல்லாம் கடிதத்துக்குக் கடிதம் சமையல்காரர் வருவார், ரேடியோ ஆபீசர் குறட்டை வரும், சீட்டாட்டத்தில் யார் ஏமாற்றினார்கள் என்று வரும். கடைசி இரண்டு கடிதத்திலும் ஒருத்தரும் இல்லை. அங்கே என்ன நடக்கிறது?

உங்கள்
வீட்டுக்காரி


ஆகஸ்ட் 12

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

இங்கே யாரும் இல்லை.

ஏப்ரலிலேயே எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். ஆனால் கேஸில் கப்பலை ஏலம் விட்டு விற்கும்வரை பொறுப்பாளர் என்று ஒருவராவது அதில் இருக்க வேண்டுமாம், கோர்ட் உத்தரவு. கேப்டன் முன்பே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். கோர்ட் அதிகாரி வந்து எங்களைப் பார்த்து, ஒருவர் பெயரைக் கொடுத்தால் மற்றவர்கள் இன்றே போகலாம் என்றார். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. சமையல்காரருக்கு வீட்டில் கைக்குழந்தை. நான் சரி என்றேன். ஒரு மாதம், மிஞ்சினால் இரண்டு மாதம் என்று நினைத்தேன். முட்டை ஜோக் அவர் போன பிறகு நானே யோசித்து எழுதியது.

ஜெனரேட்டருக்கு எண்ணெய் இல்லை. இருட்டியதும் படுத்துவிடுவேன். படகு வந்தால் தண்ணீரும் அரிசியும் வரும், உன் கடிதம் வரும். படகுக்காரர் ஏணிக்கு மேலே ஏறக் கூடாது என்று அவருக்கு உத்தரவு. கீழேயிருந்தே கை காட்டிவிட்டுப் போய்விடுவார். நாள் முழுக்கத் தட்டிக்கொண்டு போகிறேன் என்று எழுதினேனே, துருவுக்காக இல்லை. இந்தக் கப்பலை இனி யார் பழுது பார்க்கப் போகிறார்கள்? ஏதாவது சத்தம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், அதற்குத்தான்.

உன்னிடம் சொன்னால் நீ அங்கே என்ன செய்ய முடியும், தூக்கம்தான் கெடும் என்று இருந்தேன். பேப்பரைக் கொடுத்துவிடு என்று எழுதியதும் இதனால்தான். நீ அந்த மாடி அறையில் பத்திரமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டால்தான் எனக்கு இங்கே கண் மூடுகிறது. அது போய்விடுமோ என்று பயந்துவிட்டேன். பாப்பா காருக்குள் உட்காருவதை நான் நினைத்தே பார்க்கவில்லை. நீ நினைத்தாய்.

அவளிடம் சொல், சித்தப்பாவுக்கும் அவளைக் கேட்கத் தோன்றவில்லை என்று. காரில் என் பாதி அவளுக்கு. என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும்.

அண்ணன் மேல் எனக்குக் கோபம் வர மாட்டேன் என்கிறது. ஏன் என்று உனக்குப் புரியும்.

உன்
வீட்டுக்காரன்


ஆகஸ்ட் 25

அன்புள்ள உங்களுக்கு,

படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்து கோணினால் அதுதான் காரணம்.

உங்கள் கடிதத்தைப் படித்து நான் உங்களைத் திட்டிய திட்டெல்லாம் எழுதினால் தபால் இலாகா வாங்காது. அத்தனை பேரை அனுப்பிவிட்டு நீங்கள் ஏன் நின்றீர்கள் என்று கேட்க மாட்டேன். நீங்கள் அப்படித்தான். ஆனால் ஜோக்கைக் கூடவா சொந்தமாகத் தயாரிப்பீர்கள்? அது நல்ல ஜோக் வேறு.

கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராகக் கீழே போனேன். இந்த முறை யாரும் எழுந்து போவதற்குள் ஹால் நடுவில் நின்று சத்தமாகவே படித்துவிட்டேன், அண்ணன் மேல் கோபம் வரவில்லை என்ற வரி வரைக்கும். அத்தான் என்னைப் பார்க்காமல், "தனியாவா இருக்கான்?" என்றார். கொஞ்சம் கழித்துத் திரும்பவும், "தனியாவா?" என்றார். அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. நேற்று அவரும் நானும் மாலுமிகள் சங்க அலுவலகத்துக்குப் போனோம். வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. அலுவலகத்தில் மட்டும் அவர் மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு, "என் தம்பி" என்று ஆரம்பித்து ஐந்து நிமிடம் நிற்காமல் பேசினார். உங்களுக்குப் பதில் வேறொரு ஆளைப் பொறுப்பாளராகப் போடச் சொல்லி கோர்ட்டில் மனுப் போடலாம் என்கிறார்கள். போடுகிறோம். எத்தனை நாள் ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. நான் உங்களிடம் எதையும் கூட்டிக் குறைத்து எழுதப் போவதில்லை, அதனால் இதுவும் தெரிந்திருக்கட்டும்.

கார் ஷெட்டிலேயே நிற்கிறது. உங்கள் பாதியைப் பாப்பாவிடம் சொன்னேன். இப்போதைக்கு அதைத் தொட வேண்டாம், பார்க்கவும் வேண்டாம் என்கிறாள்.

இன்று காலை மாப்பிள்ளை வந்தார். தனியாக, பஸ்ஸில். ஹாலில் அக்கா, அத்தான் இருவர் கண் முன்னால் உட்கார்ந்து என்ன பேச முடியும்? பாப்பா அவரை மாடிக்குக் கூட்டி வந்துவிட்டாள். எனக்கு அந்த ஒரு அறைதான். எழுந்து வெளியே வந்தேன். என் முதுகுக்குப் பின்னால் அவள் அவரைக் கேட்டது காதில் விழுந்தது.

"மன்னிப்பெல்லாம் அப்புறம் கேளுங்க. எனக்கு நல்லதுன்னு நினைச்சு இன்னும் என்னென்னத்தைச் சொல்லாம வச்சிருக்கீங்க? ஒண்ணொண்ணா சொல்லுங்க. நான் கேட்டுட்டு முடிவு பண்றேன்."

கதவைச் சாத்திக்கொண்டாள்.

கீழே அக்கா உட்கார்ந்திருக்கிறார், டிவி ஓடவே இல்லை. கீழேயும் போக முடியவில்லை, மேலேயும் போக முடியவில்லை. அதனால்தான் படி. முதலில் அவர் குரல் மட்டும் கேட்டது. அப்புறம் நாற்காலி நகர்கிற சத்தம். திரும்பவும் அவர். நடுவில் அவள் ஒரு கேள்வி கேட்டாள், அவர் அதற்கு யோசித்து யோசித்துப் பதில் சொல்கிறார்.

வெயில் என் படியைத் தாண்டி இரண்டு படி கீழே போய்விட்டது. கதவு இன்னும் திறக்கவில்லை. பேச்சும் நிற்கவில்லை.

உங்கள்
வீட்டுக்காரி